முன் சில்லில் கறுப்புத் தூள்

1954 பெப்ரவரி 9, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமைதான் காரைக் கழுவினேன். இன்று பார்த்தால் முன் சில்லுகள் இரண்டும் அடுப்புக்கரி பூசினாற்போல் இருக்கின்றன. பின் சில்லுகளில் அவ்வளவு இல்லை. வாங்கும்போது பாலாடை நிறத்தில் இருந்தவை. சவர்க்காரமும் தேங்காய்த் தும்பும் வைத்துத் தேய்த்ததில் கரி போனது, கூடவே கொஞ்சம் பெயின்ரும் போனது. விரலில் மை மாதிரி ஒட்டுகிறது. பசறை வீதியில் தார் ஊற்றுகிறார்கள், அதுவாக இருக்கலாம்.

டிஸ்பென்சரியில் இன்று கூட்டம் அதிகம். பாதிப்பேருக்குச் சளிக்காய்ச்சல்.

பெப்ரவரி 12

மறுபடியும் கறுப்பு. தார் ஊற்றும் பக்கம் நான் போகவே இல்லையே?

பெப்ரவரி 18, வியாழன்

ஹாலிஎலைக்கு மேலே ரோஸ்வெல் தோட்டத்தில் வாராந்த கிளினிக். முடித்துவிட்டு வரும்போது அந்தத் தோட்டத்து லொறி ஓட்டுகிற முருகையா என் காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து முன் சில்லை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது ரோட்டுத் தூசி இல்லீங்க. பிரேக் தேஞ்சு வர்ற தூளு."

எனக்கு விளங்கவில்லை. சொல்லித் தந்தார். பிரேக் மிதித்தால் உள்ளே லைனிங் என்று ஒன்று, சில்லோடு சுற்றுகிற டிரம்மில் உரசுமாம். உரசி உரசி மாவாகி வெளியே வருமாம். முன் பிரேக்குக்குத்தான் பாரம் கூட, அதனால் அங்கேதான் அதிகம்.

"நீங்க இறக்கத்துல பிரேக் மேலயே காலை வச்சுக்கிட்டு வர்றீங்க. மேலேயிருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டாம் கியர்ல போட்டு விடுங்க, வண்டியே தன்னைப் புடிச்சுக்கும். தூளும் இம்புட்டு வராது. அப்புறம், தும்பு போட்டுத் தேய்க்காதீங்க. ஈரத் துணியால தொடச்சு, காஞ்சதும் லேசா மெழுகு தடவி வைங்க. ஒட்டாது."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எம்புட்டுத் தேஞ்சிருக்கோ தெரியல. இன்னைக்கு மெதுவாப் போங்க அம்மா. முதல்ல கராஜுல காட்டுங்க."

பதுளை வரைக்கும் இரண்டாம் கியரிலேயே வந்தேன். பத்து நாளாக ஊத்தை என்று நினைத்து நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது, என் உயிரைப் பிடித்து வைத்திருந்த சாமான்.

பெப்ரவரி 22, திங்கள்

எழுத வேண்டும். ஒழுங்காக எழுத வேண்டும்.

காரை ஹுமைத்தின் கராஜுக்குக் கொண்டுபோனேன். ஹுமைத் என்னுடைய நோயாளி; என்னை அம்மா என்பதற்குப் பதில் நோனா என்பார். வயது நாற்பத்திநாலு. போன வருஷம் பெப்ரவரியில் இருமலும் மூச்சுத் திணறலும் என்று வந்தார். எக்ஸ்ரே எடுப்பித்தேன். இரண்டு சுவாசப்பையிலும் நிழல். காசநோய் என்று எழுதினேன். ஊசியும் குளிசையும் அன்றிலிருந்து நடக்கின்றன. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்ததால், மனைவி ஸித்தி ஸுபைதாவைப் பிள்ளைகளோடு வெலிமடைக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பச் சொன்னதும் நான்தான். அப்போது அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஹுமைத் கராஜின் பின்னறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்.

ஜாக்கி வைத்துச் சில்லைக் கழற்றினார். டிரம்மையும் கழற்றினார். உள்ளே கறுப்பு மாவு விரற்கடை உயரத்துக்குக் குவிந்திருந்தது.

"நோனா, லைனிங் ஆணி வரைக்கும் தேஞ்சிருக்கு. இன்னும் ஒரு கிழமை ஓடியிருந்தா எங்கயாவது பள்ளத்துல கெடந்திருப்பீங்க."

சொல்லிவிட்டுக் குனிந்தார். கன்னத்தை உப்பிக்கொண்டு அந்த மாவை ஒரே ஊதாக ஊதினார்.

கராஜ் முழுக்கப் புகை. வாசல் வெயிலில் அந்தத் தூள் மினுங்கிக்கொண்டு மெதுவாக இறங்கியது. அதற்குள் நின்று அவர் இருமினார். துப்பினார். மறுபடியும் குனிந்து ஊதினார்.

"ஊதாதேங்கோ!" என்று கத்திவிட்டேன்.

"தூள்தானே நோனா. இருபத்திரெண்டு வருஷமா ஊதுறேன். டிரம்முக்குள்ள தூள் இருந்தா பிரேக் கத்தும்."

"லைனிங் எதிலை செய்யிறது?"

புது லைனிங் வந்த பெட்டியைக் காட்டினார். அதை அளவுக்கு அறுத்து, அரம் போட்டு ராவித்தான் பூட்டுவாராம். அரம் போட்ட மேசை முழுக்கச் சாம்பல் நிறத்தில் மாவு. பெட்டியில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததை வாசித்தேன். அஸ்பெஸ்டஸ். கல்நார்.

பெட்டியைப் பிடித்திருந்த அவருடைய விரல்களையும் அப்போதுதான் பார்த்தேன். நுனிகள் தடித்து, நகங்கள் வளைந்து. சுவாசப்பை நாட்பட்டுக் கெட்டால் விரல் இப்படித்தான் ஆகும். ஒரு வருஷமாக என் முன்னால் இருந்த விரல்கள்.

காரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன்.

பெப்ரவரி 23

போன வருஷத்து எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். நிழல்கள் இரண்டு பக்கமும் கீழ்ப் பாகத்தில். காசம் பெரும்பாலும் மேலேதான் தொடங்கும். இது எனக்குத் தெரியாதா? படித்தவள்தானே? சளியை மூன்று தரம் சோதித்தோம். மூன்று தரமும் கிருமி இல்லை. "சில வேளை தெரியாது" என்று நானே துண்டில் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துத்தான்.

கல்லூரிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கல்நார் ஆலையில் நூற்பவர்களுக்கும் நெய்பவர்களுக்கும் சுவாசப்பை தழும்பேறி இறுகிப்போகும் என்று ஒரு பக்கம் இருக்கிறது. பிரேக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. பதுளைக் கராஜுக்குள் ஆலை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

நான் நினைச்சிருக்க வேணும். என்ன தொழில் எண்டு கேட்டனான். மோட்டர் திருத்திற வேலை எண்டு எழுதினனான். அதிலை என்ன செய்யிறவர் எண்டு ஏன் கேக்கேல்லை?

பெப்ரவரி 24

சாப்பிட முடியவில்லை.

மார்ச் 3, புதன்

ஹுமைத்தை வரச் சொல்லி மறுபடியும் சோதித்தேன். முதுகின் அடிப்பாகத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், மூச்சை இழுத்து முடிக்கும் இடத்தில், காய்ந்த தலைமயிரைக் காதருகே விரலால் உரசும் சத்தம். இரண்டு பக்கமும். போன வருஷமும் இது கேட்டிருக்கும். நான் நெஞ்சின் மேற்பாகத்திலேயே காசத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"காது எப்பிடி?" என்று கேட்டேன். அந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுக்கும்.

"உள்ளுக்குள்ள வண்டு கத்துற மாதிரி. சுத்தியல் சத்தம் கேட்டுக் கேட்டுத்தான்னு சும்மா இருந்துட்டேன்."

ஊசியை நிறுத்திவிட்டேன். ஏன் என்று அவர் கேட்டார். புது எக்ஸ்ரேயையும் பழையதையும் கொழும்பில் உள்ள நெஞ்சு வைத்தியருக்கு அனுப்புகிறேன், அவர் பதில் எழுதும் வரை பொறுங்கள், அதுவரை பிரேக் வேலையைத் தொடவே வேண்டாம் என்றேன். தலையாட்டினார். உண்மை முழுவதையும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மார்ச் 19

பதில் இல்லை. ஹுமைத் காரைக் கொண்டுவந்து விட்டார். பிரேக் வேலையை வேறொருவரைக் கொண்டு செய்வித்தாராம். மூச்சு வாங்க வாசல் படியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார். ஒன்பது மாதமான கடைசி மகனை இன்னும் தூக்கவில்லையாம். பெருநாளைக்கு வெலிமடைக்குப் போய், வீதியின் மறுபக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தாராம்.

"நீங்க சொன்னபடி தூரத்துலதான் நின்னேன் நோனா."

ஏப்ரல் 6, செவ்வாய்

கொழும்பிலிருந்து கடிதம். காசநோயின் அடையாளம் இரண்டு படத்திலும் இல்லை. தூசியால் வந்த தழும்பு. கல்நார்தான் என்று அவரும் நினைக்கிறார். "இந்தத் தொழிலில் நான் பார்க்கும் முதல் ஆள். விபரம் எழுதுங்கள்" என்று கீழே ஒரு வரி.

வாசித்தவுடன் முதலில் வந்தது மகிழ்ச்சி. வெட்கமில்லாத மகிழ்ச்சி. காசம் இல்லை, பிள்ளைகள் வீட்டுக்கு வரலாம். பிறகுதான் மற்றது உறைத்தது. காசமாக இருந்திருந்தால் நான் குணப்படுத்தியிருப்பேன்.

ஏப்ரல் 10, சனி

நேற்று ஹுமைத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பிழை என்றும் சொன்னேன். தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஸுபைதாக்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா, அவளைக் கூப்பிடுறதுக்குப் பொய் சொல்றேன்னு நினைப்பா" என்றார்.

இன்று வெலிமடைக்குப் போனேன். ஸுபைதா முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையிலிருந்த துணி விழுந்துவிட்டது. அவர் போய்விட்டார் என்று நினைத்திருக்கிறாள்.

"இருக்கிறார். அவருக்குக் காசம் இல்லை."

"என்ன?"

"காசமே இல்லை. நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "உம்மா! காசம் இல்லையாம்! கேட்டீங்களா, காசம் இல்லையாம்!" என்று வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டாள். அந்தச் சிரிப்போடேயே என் பக்கம் திரும்பி, "அப்ப அவருக்கு இருக்கிறது என்ன வருத்தம், டொக்டர்?" என்றாள்.

பிரேக் தூள் என்றேன். சுவாசப்பைக்குள் போய் இருக்கிறது என்றேன்.

"அதுக்கு என்ன மருந்து?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"மருந்து இல்லையா?"

"இல்லை. இனித் தூளைச் சுவாசிக்காமல் இருந்தால் கொஞ்சம் மெதுவாக் கூடும். அவ்வளவுதான்."

அவள் கத்தவில்லை. ஏசவுமில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மருந்து இல்லாத வருத்தம்னு தெரிஞ்சிருந்தா, இந்த ஒரு வருஷமும் நான் பக்கத்துலயே இருந்திருப்பேனே, டொக்டர்."

அப்படியே உள்ளே போய் ஒரு மூட்டையைக் கட்டினாள். மற்றப் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு வந்து காரில் ஏறிக்கொண்டாள்.

பதுளையில் கராஜ் வாசலில் அவர் நின்றார். கையைத் தண்ணீரில் கழுவி, சட்டையில் துடைத்து, மறுபடியும் கழுவினார். அவள் குழந்தையை நீட்டினாள். புது முகத்தைக் கண்டு குழந்தை வீரிட்டு அழுதது. அவள் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையைக் கொண்டுபோனாள்.

"அழட்டும்," என்றார் ஹுமைத். "அழட்டும், விடு."

நான் அங்கே நிற்கக்கூடாதவள் என்று பட்டது. வந்துவிட்டேன்.

ஏப்ரல் 11

அவள் சொன்னது காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மே 16, ஞாயிறு

ஹுமைத் கராஜை விற்றுவிட்டார். வெலிமடையில் மாமனாரின் கடையில் இருக்கப் போகிறார். போவதற்கு முன் என்னிடம் வந்தார்.

"நோனா, இந்தத் தூளை ஊதாம எடுக்கிறது எப்படி?"

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இருவரும் சேர்ந்து ஒரு வழி பிடித்தோம். டிரம்மைக் கழற்றும்போதே சவர்க்காரத் தண்ணீரால் நனைக்க வேண்டும். கீழே தட்டு வைத்து அந்தச் சேற்றைப் பிடிக்க வேண்டும். ஈரத் துணியால் துடைத்து, துணி காய்வதற்குள் புதைக்க வேண்டும். அரம் போடுவதானாலும் லைனிங்கை நனைத்துவிட்டு, வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று போட வேண்டும். வேலை உடுப்போடு வீட்டுக்குள் போகக்கூடாது.

"இவ்வளவுதானா?" என்றார். "தண்ணியா?"

"தண்ணிதான்."

அவர் சிரித்தார். நான் அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம். கராஜ் வாசலிலேயே குழாய் இருந்தது.

1955 ஜனவரி 20

பிரேக் தூளைப் பற்றிச் சுகாதாரப் பகுதிக்கு எழுதிய மூன்றாவது கடிதத்துக்கும் பதில் இல்லை.

1956 செப்டம்பர் 17, திங்கள்

காலையில் ஹல்துமுல்லையிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் அஸீஸ், முப்பது வயது இருக்கும், அங்கே கராஜ் வைத்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டை எடுத்துத் தந்தார். ஹுமைத்தின் எழுத்து.

"நோனாவுக்கு ஸலாம். இவர் பன்னிரண்டு வருஷம் பிரேக் வேலை செய்தவர். முதுகுப் பக்கம், அடியில் வைத்துக் கேளுங்கள்."

"ஹுமைத் நானா பஸ்ஸுல ஏறி ஏறி ஊவாவுல இருக்கிற கராஜ் எல்லாத்துக்கும் வந்தாரு," என்றார் அஸீஸ். "பண்டாரவளை, ஹப்புத்தளை, எங்க ஊரு. ஒவ்வொரு கராஜுலயும் உக்காந்து, மூச்சு வாங்க வாங்க, டிரம்மை எப்படி நனைக்கிறதுன்னு காட்டிட்டுத்தான் போவாரு. இந்தத் துண்டு தந்து நாலு மாசம். எனக்கு ஒண்ணும் இல்லைன்னு வெச்சிருந்தேன்."

"இப்ப ஏன் வந்தனீங்கள்? இருமலா?"

"இல்லைங்க. போன வெள்ளிக்கிழமை அவர் மௌத்தாயிட்டாரு. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் இறந்தது எனக்குத் தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

அந்தத் துண்டை மேசையில் வைத்தேன். சட்டையைக் கழற்றச் சொன்னேன். விரல் நுனிகளைப் பார்த்தேன். பின்னால் போய் நின்று, முதுகின் அடிப்பாகத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, "மூச்சை நல்லா இழுங்கோ" என்றேன். வலப் பக்கம். இடப் பக்கம். மறுபடியும் வலப் பக்கம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

அந்தத் தலைமயிர் உரசும் சத்தம் இல்லை. காற்று போய் வரும் சத்தம் மட்டும்.

"ஏதாச்சும் கேக்குதா அம்மா?" என்று அஸீஸ் கேட்டார்.

"இன்னொருக்கால் இழுங்கோ," என்றேன்.