ஞாயிற்றுக்கிழமை அவசர ஃபைல்

ஹாஸ்டல், டெல்லி
ஜனவரி 1983

அன்புள்ள அப்பாவுக்கு,

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸிலிருந்து நீங்கள் தபாலில் அனுப்பிய கிளார்க் பரீட்சை விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பி.காம். முடித்ததும் குல்தீப்போடு சேர்ந்து ஸ்டெபிலைசர் கடைதான் வைக்கப்போகிறேன். அந்தப் பஞ்சாபிப் பையன் என்னைக் கெடுத்துவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் மேல் பழி போடாதீர்கள்.

போன ஞாயிறு உங்கள் ஆபீசர் வீட்டு டி.வி.க்கு ஸ்டெபிலைசர் மாட்ட நானும் குல்தீப்பும் வந்தோமே. ஞாயிறுதோறும் அவசர ஃபைல் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகும் நீங்கள், அங்கே வராந்தாத் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தீர்கள். நம் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட நீங்களாக மொண்டு குடித்ததில்லை. ஆபீசரின் மனைவி “ஜல்தி, பாபு” என்று அதட்ட, “ஜீ மேம்சாப்” என்று இளித்தீர்கள்.

என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நானும் யாரோ மாதிரி உள்ளே போனேன்.

சொந்தத் தொழிலில் மரியாதை இருக்காது என்கிறீர்கள். வேலை முடிந்ததும் எங்களை சோபாவில் உட்காரச் சொன்னார்கள். டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டியது நீங்கள்தான்.

என் கப்பில் மட்டும் சர்க்கரை கூடப் போட்டிருந்தீர்கள், எனக்குப் பிடிக்கும் என்று. என்னால் ஒரு வாய்க்கு மேல் அதைக் குடிக்க முடியவில்லை அப்பா.

உங்கள் மகன்