தித்தன் ஆடும் இடப்புறம்

மங்கலம் நிலைபெறுக. நெடுநீராற்றின் இருகரையும் தம் குடைக்கீழ் அடக்கிய நெடுவாகை நாட்டுக் கோமகள், பகைவர்க்கு இடியும் குடிகளுக்கு மழையுமான அரசமாதேவி இளநங்கை, எம் கோநகர்க் கல்விச்சாலையின் தலைவர் கீரங்கொற்றனார்க்கு விடுக்கும் திருமுகம். உமக்கும், உம் சாலையில் பயிலும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்று வழிபார்த்திருக்கும் தாய்மாருக்கும் நலம் பெருகுக.

நம் சாலைக் காற்பந்து அணி தைத்திங்களில் இவ்வாட்டப் பருவத்தைத் தொடங்கிய சிறப்பை நாடறியும். மருதங்குடி அணியை மண்ணைக் கவ்வச் செய்தீர். கடற்கோட்டை அணியை அவர்கள் களத்திலேயே வென்றீர். அவ்வெற்றியோடு திரும்பும் வழியில் ஓடம் கவிழ்ந்து, அணியின் இடப்புறம் ஆடிவந்த எம் மகன் தித்தன் ஆற்றோடு போனான். பருவத்தின் நடுவே மாண்ட வீரனின் இடத்தை நிரப்புவதில்லை என்பதும், பருவம் முடியும்வரை அவன் ஆடுகிறான் என்றே கொள்வதும், அதுவரை அவனுக்காக ஒருவரும் அழலாகாது என்பதும் நம் முன்னோர் வகுத்த முறை. அழுதால் ஆடுகிறவன் கால் இடறும் என்றார்கள். பெற்ற வயிறு பற்றி எரிய, யாமும் அம்முறைக்கு அடங்கி, கண் கலங்காமல் கொலுவிருந்தோம்.

பங்குனியில் முடியவேண்டிய பருவம் ஆனி பிறந்தும் முடியவில்லை. கருங்குன்ற நாட்டு அணியோடு முடிவாட்டம் ஆடுகிறீர், சமன் ஆகிறது. ஒருவர் வெல்லும்வரை ஆடவேண்டும் என்பது விதியாதலால் மீண்டும் ஆடுகிறீர், மீண்டும் சமன். காரணம் கேட்டதற்கு, களம் ஈரம் என்றும், வெயிலில் கண் கூசுகிறது என்றும் எழுதினீர். ஐயா, ஒரே ஓலையில் ஈரமும் வெயிலுமா? எம் காதில் பூச்சுற்ற வேண்டா.

ஆதலின் கடந்த ஆட்டத்துக்கு யாமே வந்து, பரிவாரமின்றிக் கூட்டத்தோடு அமர்ந்திருந்தோம். கண்டதைச் சொல்கிறோம். களமெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடக்க, இடப்புறம் மட்டும் சேறாய் இருந்தது. ஆளில்லாத அவ்விடத்துக்கு நம் பிள்ளைகள் பந்தை உதைத்தார்கள். பந்து அங்கே நின்றது. பின்பு அவர்கள் காலடிக்கே திரும்பி வந்தது. கருங்குன்றத்துப் பிள்ளைகளோ அப்பக்கம் வர அஞ்சி, முன்னேற வழியின்றி விலகி விலகி ஓடினார்கள். தித்தன் பந்தை உதைக்குமுன் குதிகாலைத் தரையில் ஒருமுறை தேய்ப்பான். அச்சேற்றில் அவ்வாறே ஒரு கோடு விழக் கண்டோம். ஐயோ, எம் உயிர் எம்மிடம் இல்லை.

அணித்தலைவன் அந்துவன் அன்று காவலற்ற இலக்கின் முன் நின்றும் பந்தை வேண்டுமென்றே வெளியே உதைத்தான். அவனை அரண்மனைக்கு அழைத்து வினவினோம். அவன் சொன்னதை அவன் வாய்மொழியாகவே எழுதுவிக்கிறோம்: "நான் அதை உள்ளே தள்ளிட்டா பருவம் முடிஞ்சிரும் தாயே. அவன் போயிருவான்." சோறு தண்ணீர் மறந்து அப்பிள்ளை எலும்பும் தோலுமாய் நிற்கிறான். கடிந்துகொள்ளாமல் அனுப்பிவைத்தோம்.

எமக்கு மட்டும் ஆசை இல்லையா? காலமெல்லாம் அக்களத்தோரம் அமர்ந்து சேற்றில் விழும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று எம் நெஞ்சும் கெஞ்சியது. ஆனால் இடைவேளையில் பிள்ளைகள் எல்லாரும் நிழலில் அமர்ந்து நீர் அருந்தியபோதும், அச்சேற்றில் காலடிகள் விழுந்துகொண்டே இருந்தன. மேலும் கீழும், மேலும் கீழும் ஓடியபடியே இருந்தான். அவனை உட்காரச் சொல்வார் யாருமில்லை.

ஆகவே ஆணையிடுகிறோம். இரு அணியும் சமன் என்று அறிவித்து அடுத்த ஆண்டுக்கும் பருவத்தை நீட்டலாம் என்ற உம் விண்ணப்பத்தை மறுத்தோம். வரும் முழுமதி நாளில் முடிவாட்டம் நடைபெறுக. இடப்புறத்திலிருந்து பந்து வந்தால் அந்துவன் அதை வாங்கி இலக்கினுள் செலுத்துக. எம் பிள்ளை கொடுத்ததை வீணாக்கலாகாது. அந்துவனால் இயலாதெனில் கருங்குன்றத்தார் வெல்லட்டும், அவர்களுக்கும் எம் கையாலேயே மாலை சூட்டுவோம்.

இத்திருமுகம் எம் வாகைமலர் முத்திரை பெற்றது. இதை மீறுவோர் எம் சினத்துக்கு ஆளாவர். மறுமொழி வேண்டா. ஆட்டத்தை முடியுங்கள், கொற்றனாரே. நான் அழவேண்டும்.