செவுளைத் தூக்கிப் பாருங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

ராதிகா எழுதுவது. நீங்களும் அம்மாவும் தங்கச்சி யமுனாவும் சுகமா? மலையில் மழை விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன், பயப்படாதீர்கள்.

நம் குட்டை மீனுக்கென்று போன மாதம் சோளக்காடு பஸ்ஸில் ஏற்றிவிட்டேனே, அந்தத் தீவனத்தை இனிமேல் போட வேண்டாம். அது மழையில் நனைந்து பூசணம் பிடித்தது. நான் வேலை பார்க்கும் மீன் பண்ணைக்கார ராசாமணி அக்கா அதைக் குப்பையில் கொட்டச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. நாம் ராகியைக் காய வைப்பதுபோல் வெயிலில் காய வைத்து, பாதியை இங்கே போட்டேன், பாதியை உங்களுக்கு அனுப்பினேன்.

நேற்று இங்கே நாலைந்து மீன் செத்து மிதந்தது. மீன் டாக்டர் வந்து ஒன்றை அறுத்துப் பார்த்தார். ஈரல் வெளுத்து வீங்கியிருந்தது. "பூசணத் தீவனத்தால வந்ததுங்க. காய வெச்சா பூசணம்தானுங்க போகும், வெசம் போகாது," என்றார்.

"எந்தச் சாக்கப் போட்ட புள்ள?" என்று அக்கா கேட்டார். நான் குனிந்து வலையை மடித்தேன். "மீனாச்சும் வாயத் தொறக்குது, இவ தொறக்க மாட்டா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மீன் நன்றாக நீந்துகிறதே என்று நம்பாதீர்கள். ஒன்றைப் பிடித்துச் செவுளைத் தூக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தால் ஈரல் கெட்டிருக்கலாம் என்கிறார் டாக்டர். அந்த மீனை யமுனாவுக்குக் கொடுக்காதீர்கள். மீதித் தீவனத்தைக் கோழிக்கும் போடாமல் புதைத்துவிடுங்கள்.

அம்மாவின் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள.

போன் அக்காவிடம் இருக்கிறது, பக்கத்திலேயே நின்று கேட்பார். செவுளைப் பார்த்ததும் அதில் கூப்பிட்டு, சிவப்பு, வெளுப்பு, ஏதாவது ஒரு சொல் சொன்னால் போதும். வெளுப்பு என்றாலும் மறைக்காதீர்கள் அப்பா.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உங்கள் மகள்
ராதிகா