இடது காலுக்கு வேலை இல்லை

ராஜபாளையம்
16.9.2025

அன்பு மகள் மாரிசெல்விக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை சதீஷும் கால்கரியில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அதில் ஒரு பொய் கலந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடுங்க என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எனக்கு முன்னால் அவளே படித்துவிடுவாள், தபால் ஒன்றுதான் அவள் கண்ணில் படாமல் போகும்.

வீடியோ காலில் அம்மாவின் புருவத்துக்கு மேல் கட்டு இருப்பதைப் பார்த்து நீ பதறியபோது, அடுப்படி அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்றாளே, அது அலமாரி இல்லையம்மா, நான்தான். நீ வாங்கிக் கொடுத்த ஆட்டோமேட்டிக் வண்டியில் நடந்தது. ஆவணி முதல் வெள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போய்விட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பினோம். வழியில் ஒரு மில் வாசலில் ஸ்பீடு பிரேக்கர். பட்டாளத்தில் பதினேழு வருஷம் லாரி, அப்புறம் நம் பழைய ஜீப், ஆக நாற்பது வருஷமாக ஸ்பீடு பிரேக்கரைக் கண் பார்த்ததும் என் இடது கால் தானாக கிளட்ச்சை மிதிக்கும், கை இரண்டாவது கியருக்குப் போகும். அன்றைக்கும் போயிற்று. இந்த வண்டியில் அங்கே கிளட்ச் ஏது, பிரேக்தான் அகலமாக இருக்கிறது. கிளட்ச்சை மிதிக்கிற மிதியைப் பிரேக்கில் மிதித்தால் என்ன ஆகும், வண்டி அடித்த ஆணி மாதிரி நின்றுவிட்டது. காலடியில் விழுந்த பால்கோவாவை எடுக்க அம்மா அப்போதுதான் பெல்ட்டைக் கழற்றியிருந்தாள், நெற்றி முன்னால் போய் இடித்துவிட்டது. நாலு தையல்.

பின்னால் வந்த மில் பஸ் மயிரிழையில் ஒதுங்கி நின்றது. அதன் டிரைவர் தலையை நீட்டி, ஏ பெரியவரே, ஓட்டத் தெரியலன்னா வீட்டுல கெடக்க வேண்டியதுதான, எதுக்கு ரோட்டுக்கு வாரீரு என்று கேட்டான். லடாக்கில் லே மலைப்பாதையில் பட்டாளத்துக் கான்வாய் ஓட்டியவனுக்கு இந்தப் பேச்சு. உன் அம்மாதான் முந்தானையால் ரத்தத்தை அமுக்கிக்கொண்டு, ஆடு குறுக்க விழுந்துருச்சு, அவிய என்ன செய்வாவ என்று கூடிய கூட்டத்துக்கெல்லாம் சொன்னாள். கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு ஆடு கிடையாது. ஆஸ்பத்திரியிலும் அதே ஆடுதான். தளவாய்புரத்துச் சித்தியிடம் படி வழுக்கிவிட்டது என்றாள், உன்னிடம் அலமாரி. கேட்டால், பிள்ள ஆசையா வாங்கிக் குடுத்த வண்டி, தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போவா என்கிறாள். யாருக்கு எந்தப் பொய் என்று அவளுக்கே எத்தனை நாள் ஞாபகம் இருக்குமோ.

நீ மனசு ஒடியாதே. என் முட்டிக்கு கிளட்ச் ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு நீ வாங்கியது, உன் மேலும் தப்பில்லை, வண்டி மேலும் தப்பில்லை. இது வண்டியா, ராட்டினம், ஏறி உட்கார்ந்தால் அதுவே சுத்தும் என்று நான் உன்னிடம் எத்தனை தரம் சண்டை போட்டிருப்பேன். அதில் பாதியை இப்போதும் சொல்வேன். கியர் வண்டியில் எஞ்சின் திணறுவது காதுக்குத் தெரியும், காது சொல்வதைக் கையும் காலும் செய்யும், அந்தச் சுகம் வேறு. உனக்கு ஜீப் பழக்கியபோது அய்யனார் கோயில் ரோட்டு மேட்டில் நீ முதல் தடவை குலுங்காமல் இரண்டாவது கியருக்கு இறக்கினாயே, எனக்குப் புரமோஷன் வந்த அன்றுகூட அவ்வளவு பெருமையாக இல்லை. இந்த வண்டியோ முந்தலாம் என்று நான் முடிவெடுத்த பிறகு தானும் ஒரு தரம் யோசிக்கிறது. ஆனால் பத்து நாள் சாவியைத் தொடாமல் வீட்டில் இருந்தபோது தோன்றியது, கியர் போடுவதையே நான் வண்டி ஓட்டுவது என்று நினைத்துவிட்டேன். பக்கத்தில் இருக்கிறவளைக் கீறல் இல்லாமல் வீடு சேர்ப்பதல்லவா முதல் வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவுக்கு ஜீப் ஓட்டப் பழக்கினேன். கிளட்ச்சை விடும்போதெல்லாம் வண்டி ஆஃப் ஆகும். ஐந்தாவது தரம் ஆனதும், டீக்கடை முன்னால் நாலு பேர் கேட்க, ஈஸ்வரி, உனக்குக் கால் வராது என்றேன். டிரைவர்கள் மத்தியில் அதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது, உனக்கு வண்டியே கிடையாது என்று அர்த்தம். இறங்கி இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தவள்தான், அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. தையல் பிரித்த மறுநாள் உறை போட்டு நின்ற வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இதுல ரெண்டு மிதிதான இருக்கு, அந்த மூணாவது எழவு இல்லல்ல, நான் கத்துக்கிடுதேன் என்றாள். எல்.எல்.ஆர். எடுத்தாயிற்று. காலை ஆறு மணிக்கெல்லாம் எல் போர்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். எனக்குப் பழகிப்போனதுதான் வினை, அவளுக்குப் பழக்கமே இல்லாததால் இடது கால் மெட்டியோடு ஓரமாகச் சும்மா கிடக்கிறது. நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டினாள். அதே மில் வாசல் வந்ததும் பக்கத்தில் இருந்த என் கால் தரையை ஓங்கி மிதித்தது. பார்த்துவிட்டாள். மிதிங்க மிதிங்க, அது வெறும் தரைதான் என்று சொல்லிவிட்டு, பூப்போல ஏற்றி இறக்கினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது.

அங்கே பனி இறங்குவதற்குள் பனிக்கான டயரை மாட்டிவிடுங்கள், மாப்பிள்ளை நாளை நாளை என்று தள்ளுவார், நீ விடாதே. பெல்ட்டை நிற்கிற வண்டியில் தவிர கழற்றாதே. இது கைக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அம்மாவிடம் காயத்தைப் பற்றிக் கேட்காதே, எவ்வளவு தூரம் ஓட்டினாய் என்று கேள். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுசோடு, போகிற வழியெல்லாம் நல்ல வழியாக இருக்க ஆண்டாள் துணையிருப்பாள்.

உனக்குக் கால் வராது என்ற அந்தச் சொல்லுக்கு இன்றுவரை நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அடுத்த மாதம் டெஸ்ட்டில் பாஸானதும் கேட்கலாம் என்றிருந்தேன். அப்படிக் கேட்டால் அது பாஸானதற்குக் கேட்டதாகிவிடும். இதைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனதும் கேட்கப் போகிறேன்.

உன் அப்பா,
சீனிச்சாமி