கறுப்புப் பிடி வில்

ஜனவரி 9

என் அருமை அக்காவுக்கு,

நலமா? நலமில்லைன்னாலும் நீ எழுத மாட்ட, தெரியும். வில்லு இழைக்கிற கைக்குப் பேனா பிடிச்சா வலிக்குதாக்கும்.

ஒரு சந்தேகம். நீ செஞ்சு கொடுத்த நாலு வில்லும் ஒரே மரம், ஒரே நீளம். நாலுலயும் 'இழுவை நாற்பது பவுண்டு'ன்னு உன் கையெழுத்து. அப்புறம் ஏன் கறுப்புப் பிடி போட்டதுல மட்டும் நான் ராணி மாதிரி எய்யறேன்? மத்த மூணையும் இழுத்தா, குறி பாக்கறதுக்குள்ள கை நடுங்கி அம்பு எங்கயோ போகுது. இதுல நிதானமா இழுத்து, மூச்சு விட்டு, கொஞ்சம் யோசிச்சுக்கூட விடலாம். மூணு வருஷமா முதல் பரிசு வாங்கறது நானா, அந்த வில்லான்னு கூட்டாளிங்க கிண்டல் பண்றாங்க. அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு அனுப்பேன்.

மார்ச்ல போட்டி. முதல் பிரிவுல இழுவை நாற்பது பவுண்டுக்குக் குறைஞ்ச வில்லு கூடாதுங்கறது பழைய விதிதான். இந்தத் தடவை ஒவ்வொண்ணையும் தராசுல மாட்டி இழுத்துப் பாப்பாங்களாம். யாரோ ஏமாத்தறாங்களாம், வெக்கங்கெட்டவங்க.

உன் செல்லத் தங்கச்சி

ஜனவரி 20

தங்கக்கட்டிக்கு,

மாயமும் இல்ல, மந்திரமும் இல்ல. பிடி உன் உள்ளங்கைக்கு அமைஞ்சுபோச்சு, அவ்வளவுதான்.

ஆனா ஒண்ணு சொல்றேன், கேளு. அதைப் போட்டிக்கு எடுத்துட்டுப் போகாத. போன தடவை பாத்தப்ப நடுவுல ஒரு கீறல் தெரிஞ்சுது. இழுக்கும்போது ஒடிஞ்சா முகத்துல அடிக்கும். எனக்கு அனுப்பிடு. இந்த வருஷம் போட்டியே வேணாம்னாலும் சரிதான், தோளுக்கும் ஓய்வு வேணும். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 14

அக்கா,

கீறல் எதுவும் இல்லைன்னு இங்க ஒரு தச்சர் பாத்துச் சொன்னார். நீ எப்பவும் இப்படித்தான் பயப்படுவன்னு எடுத்துட்டுப் போனேன்.

தராசு முப்பத்தி மூணு காட்டுச்சு. தராசுதான் கோளாறுன்னு சண்டை போட்டேன். எங்க அக்கா எழுதினது தப்பா இருக்காதுன்னு அத்தனை பேர் முன்னாடி கத்தினேன். மூணு தடவை மாட்டி இழுத்தாங்க, மூணு தடவையும் அதேதான். "எழுதி வெச்சுட்டா நாற்பது ஆயிடுமாம்மா?"ன்னு நடுவர் கேட்டார். பழைய பரிசு மூணையும் திருப்பிக் கேக்கறாங்க. கூடப் பழகினவங்க யாரும் எங்கூட நின்னு டீ குடிக்கல.

கை தவறி எழுதிட்டேன்னு ஒரு வரி எழுது. போதும்.

மார்ச் 19

கண்ணு,

கை தவறல. தெரிஞ்சேதான் எழுதினேன்.

நாலு வருஷம் முன்னாடி இங்க வந்தப்ப, வலது கையைத் தூக்கித் தலை சீவ முடியாம கதவைச் சாத்திக்கிட்டு அழுத. வெளிய வந்து, கண்ணுல தூசின்னு சொன்ன. கனம் குறைஞ்ச வில்லு கொடுத்தா என் மூஞ்சிலயே வீசியிருப்ப. அதான் கறுப்புப் பிடி வில்லை மட்டும் மெலிசா இழைச்சு, வேகம் குறைஞ்சது தெரியாம இருக்க இலேசான அம்பும் சேத்து, நாற்பதுன்னு எழுதினேன். சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீ ஜெயிச்சுச் சிரிச்சதைப் பாத்ததும் வாய் வரல. ஜனவரியிலகூட உண்மையை எழுதி, கிழிச்சுப் போட்டுட்டுத்தான் கீறல்னு எழுதினேன். பாவி நான். நடுவருக்கு நானே எழுதறேன். திட்டியாவது பதில் போடுடி.

அக்கா

ஏப்ரல் 2

நீ எழுதினது நடுவருக்குக் கிடைச்சுது. என் மேல தப்பில்லைன்னு சொல்லிட்டாங்க. பரிசு போனது போனதுதான்.

தோள் போச்சுன்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் அழுதிருப்பேன். மூணாம் நாள் இலேசான வில்லுப் பிரிவுல பேர் கொடுத்திருப்பேன். அதுக்கு எனக்குத் தெம்பிருக்கும்னு உனக்குத் தோணவே இல்லை, பாரு.

இப்ப வேற ஒண்ணு மனசை அரிக்குது. நான் வந்து சேர்றதுக்குள்ள அம்மா போயிட்டாங்க. கடைசியா என்னைத்தான் கேட்டாங்கன்னும், என் மேல கோபமே இல்லைன்னும் நீதான் சொன்ன. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் இருக்கேன். அதுவும் என் நல்லதுக்குச் சொன்னதா?

ஜூன் 11

கண்ணு,

நீ அம்மாவைப் பத்திக் கேட்டதுக்கு அப்புறம் இது நாலாவது கடிதம். முன்ன எழுதின மூணும் கிடைச்சுதான்னுகூடத் தெரியல.

அம்மா உன்னைக் கேட்டாங்க. "சின்னவ வந்துட்டாளா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. கோபமில்லைன்னு அவளுக்குச் சொல்லுன்னாங்க. இது நிஜம். வேற யார்கிட்டயாவது கேட்டுக்கோன்னு சொல்லத்தான் ஆசை. அப்ப அந்த அறையில நான் மட்டும்தான் இருந்தேன்.

அக்கா