நாற்பது நாள் பால்

பொழிச்சலூர்,
14.2.93

அன்புத் தங்கை பரிதாவுக்கு ஜெயக்கொடி எழுதுவது.

இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், அவ்வளவுதான். நீங்கள் லாரியில் சாமான் ஏற்றிப் போய் ஒரு மாதம் ஆகிறது. இருபத்து மூன்று வருஷம் ஒரே கொல்லையில் துணி காயப்போட்டோம். போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ! உன் அண்ணன் வீட்டு விலாசத்தைப் பள்ளிவாசல் பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கினேன்.

டிசம்பரில் கலவரப் பேச்சால் பஸ் ஓடாத அன்றைக்கு, உன் மகன் அயூப் என் மகள் மங்கையைப் பல்லாவரத்திலிருந்து ஸ்கூட்டரில் ஏற்றிவந்தான். அதுதானே குற்றம்? காதல் என்று கதை கட்டிவிட்டார்கள். உன் வீட்டுக்காரர் கலீல் அண்ணனின் வெல்டிங் கடையைக் கல்லால் அடித்தபோது நான் ஜன்னலுக்குப் பின்னால்தான் நின்றேன். "நீ உள்ள போ" என்றார் என் வீட்டுக்காரர். போய்விட்டேன்.

அந்தப் பேச்சாலேயே மங்கைக்கு வந்த இரண்டு வரனும் நின்றுபோயின. அவள் எதுவும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. அயூப் எப்படி இருக்கிறான்? ஒரு வரி எழுது.

உன் அக்கா,
ஜெயக்கொடி


மேல்விஷாரம்,
2.3.93

அக்காவுக்கு பரிதாவின் சலாம்.

ஜன்னலில் நீங்கள் நின்றது எனக்குத் தெரியும். பச்சைப் புடவை கட்டியிருந்தீர்கள். சொல்லிக்கொள்ளாமல் வந்தேன் என்கிறீர்களே, யாரிடம் சொல்வது?

அயூப் பிறந்ததும் நான் டைபாய்டில் கிடந்தேன். உங்கள் மாமியாருக்குத் தெரியாமல், கைக்குழந்தை மங்கையோடு அவனுக்கும் நாற்பது நாள் பால் கொடுத்தீர்கள். எங்கள் மார்க்கத்தில் ஒரு தாயிடம் பால் குடித்தவர்கள் கூடப்பிறந்தவர்கள். அவர்களுக்குள் நிக்காஹ் கூடவே கூடாது. அவனிடம் சொல்லித்தான் வளர்த்தேன். கடையை அடித்த அன்றைக்குக் கூட்டத்தில் அதைச் சொல்ல வாயெடுத்தான். உங்களுக்கு வீட்டில் என்ன ஆகுமோ என்று நான்தான் தடுத்தேன். அது நீங்கள் சொல்ல வேண்டிய வார்த்தை அக்கா.

இப்போது தோல் கிடங்கு வேலைக்குப் போகிறான், வருகிறான். போட்டதைத் தின்கிறான். யாரோடும் பேச்சில்லை.

அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு எழுதுங்கள். அதுவரை கடிதம் வேண்டாம்.

பரிதா


பொழிச்சலூர்,
24.6.93

பரிதா, சொல்லிவிட்டேன்.

நாலு மாதம் ஆனது எனக்கு. போன ஞாயிற்றுக்கிழமை திருமுடிவாக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவன் அம்மா தாயாரம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். காபி வாங்கும்போதே, "பாய் வூட்டுப் பையனோட ஸ்கூட்டர்ல போச்சுன்னு சொல்லிக்கிறாங்களே, இன்னா விசயம்?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர், "அதெல்லாம் ஊர்ப் பேச்சுங்க" என்று மழுப்பினார்.

"அவன் எம் புள்ளைங்க. எம் பாலைக் குடிச்சவன்" என்றேன். தட்டு கையிலேயே இருந்தது. பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"எத்தினி நாளு குடுத்தே?" என்றாள் தாயாரம்மாள்.

"நாப்பது நாளு."

"அப்பறம் இன்னா? பொண்ணுக்குக் கூடப்பொறந்தவன் இல்லன்னீங்க. அதான் கீறானே! மச்சான் மோதிரம் அவன்தான் போடணும். வரச் சொல்லு."

பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளை விரலில் மோதிரம் போடுவதை இந்தத் தெருக் கல்யாணங்களில் நீயும் பார்த்திருக்கிறாய். அதைத்தான் சொன்னாள்.

அன்றைக்குக் கூட்டத்தில் முன்னால் நின்ற அரிகிருஷ்ணன், இன்று தண்ணீர் லாரியருகே, "முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா" என்றான். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகையில் அயூப் பெயரையும் போடச் சொல்லி மங்கையிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கல்யாணம் ஆவணியில். அயூப் வருவானா?

ஜெயக்கொடி


மேல்விஷாரம்,
5.7.93

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அயூபின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். படித்தான், சாப்பிட்டான், எழுந்து போய்விட்டான். "கல்லெறிஞ்ச தெருவுக்கா?" என்றார் இவர். நானும் அதைத்தான் நினைத்தேன்.

நான் வரமாட்டேன் அக்கா. கோபமில்லை, கோபப்படவும் ஒன்றும் மிச்சமில்லை. அந்தத் தெருவில் இனி நடக்க என்னால் ஆகாது. வீட்டையும் விற்கச் சொல்லிவிட்டோம். மங்கை நன்றாக இருக்கட்டும், நான் துஆ செய்கிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.

கடிதத்தை ஒட்டப் போகையில் அயூப் வந்து நின்றான். மோதிரத்துக்கு நகை ஆசாரியிடம் சொல்லியாகிவிட்டதாம். மாப்பிள்ளையின் விரலை நூலால் சுற்றி அளவெடுத்து, அந்த நூலைக் கடிதத்தில் வைத்து அனுப்பச் சொல்கிறான்.

பரிதா