எண்ணப்படாத குயில்கள்

4 ஜூன் 2012, குன்றத்தூர்

இன்று சுடலைக்குயிலைப் பார்த்துவிட்டேன். வல்லம் வடகாலுக்கு அடுத்து, ஏரிக்கரைக்குக் கீழே உள்ள முள்காட்டில், கருவேல மரத்தின் நுனியில் உட்கார்ந்திருந்தது. மேலே கறுப்பு, வயிறு வெள்ளை, தலையில் சீப்பால் தூக்கிவிட்டது போலக் கொண்டை. ஒளிந்துகொள்ளும் எண்ணமே இல்லாமல் கத்திக்கொண்டிருந்தது. எங்கள் சங்கரன்கோவில் பக்கம் சுடலை என்றால் சாமி. பெயரைச் சொன்னாலே கும்பிடத் தோன்றும். இரண்டு கையிலும் பைனாகுலர் இருந்ததால் தப்பித்தேன்.

இத்துடன் குயில் குடும்பத்தில் ஐந்து: குயில், செம்போத்து, அக்காக்குயில், பச்சைவாயன், சுடலைக்குயில். கார் உதிரிபாகத் தொழிற்சாலை வரப்போகும் ஒரு நிலத்தில் ஐந்தும் இருக்கின்றன! தொழிற்சாலைக்கான சுற்றுச்சூழல் அறிக்கையில் பறவைகள் அத்தியாயம் என்னுடையது. இது நான் எழுதும் மூன்றாவது அறிக்கை. நன்றாக வரும். எனக்குத் தெரியும்.

9 ஜூன்

முள்காட்டில் ஆடு மேய்க்கும் லூர்தம்மாள் இன்று தானாகவே வந்து பேசினார்.

“இன்னாம்மா, தெனம் வந்து மரத்தயே பாத்துகினு கீற? நெலம் அளக்க வந்தியா?”

“இல்லைங்க. குருவி பாக்குறேன்.”

“அதுக்கா சம்பளம் குடுக்கறான்?”

குடுக்கிறார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. அவருடைய மகள் லீலா ஐடிஐ முடித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறாளாம். குருவி பார்க்க ஆள் தேவையென்றால் சொல் என்றார். கேலி செய்தாரா, நிஜமாகக் கேட்டாரா?

17 ஜூன், ஞாயிறு

அறையில் மின்சாரம் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஜெனரேட்டர் உண்டு. அங்கே போய் மதியம் முழுக்க உலகத்துக் குயில்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.

நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள். ஒவ்வொன்றும் உலகத்தில் எத்தனை இருக்கிறது என்று தேடினேன். வட அமெரிக்கக் குயில்களுக்கு எண் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் ஆட்கள் சாலையோரம் நின்று எண்ணுகிறார்கள். ஐரோப்பியக் குயிலுக்கும் இருக்கிறது, கோடிக்கணக்கில். மறுகோடியில் சுமத்ராவின் தரைக்குயிலும் பிலிப்பைன்ஸ் தீவு ஒன்றின் கறுப்புத்தலைச் செம்போத்தும். இரண்டுமே இருநூற்றைம்பதுக்குள் என்று ஒரு கணிப்பு. அழிவின் விளிம்பு. மடகாஸ்கரில் நத்தை தின்று வாழ்ந்த ஒன்று போயே போய்விட்டது. ஆக, மிகக் குறைவாக இருந்தால் எண் கிடைக்கிறது. எண்ணுவதற்கு ஆள் இருக்கிற நாடு என்றாலும் எண் கிடைக்கிறது.

நம் ஐந்துக்கு? உலகச் சிவப்புப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் ஒரே நிலை: கவலை குறைந்த இனம். எண்ணிக்கை என்ற இடத்தில் ஒரே பதில்: கணக்கிடப்படவில்லை.

திரும்பத் திரும்பப் படித்தேன். பரப்பு பெரிது, வேகமாகக் குறைவதாகத் தகவல் இல்லை, ஆகவே கவலை குறைவு. நியாயம்தான். ஆனால் சென்னை முழுக்க வசந்தத்தில் கத்துகிற குயிலை உலகத்தில் ஒருவரும் எண்ணவில்லையா? எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

25 ஜூன்

அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டேன். நான் எழுதியவற்றிலேயே இதுதான் சிறந்தது. மறக்காமல் இருக்க, முக்கியமான பத்தியின் சாரம்:

ஐந்தும் ஒரே நிலையில் இருந்தாலும் ஐந்துக்கும் ஒரே எதிர்காலம் இல்லை. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவது. தொழிற்சாலை வந்தால் கேண்டீன் வரும், எச்சில் சோறு வரும், காக்கை வரும், பின்னாலேயே குயிலும் பெருகும். சுடலைக்குயிலும் அக்காக்குயிலும் தவிட்டுக்குருவிக் கூட்டில் இடுகிறவை. தவிட்டுக்குருவிக்குப் புதர் வேண்டும். முள்காட்டை வழித்தால் குருவி போகும், குருவியோடு அவையும் போகும். உலகக் கணக்கில் யாருக்கும் தெரியாது. இந்த ஏரிக்கரையில் தெரியும்.

29 ஜூன்

எங்கள் ஆலோசனை நிறுவன முதலாளி நெல்லையப்பன் சார் என் பத்தியை எடுத்துவிட்டார். அங்கே ஒரே ஒரு வரி இருக்கிறது: ‘இப்பகுதிக் குயிலினங்கள் அனைத்தும் உலக அளவில் போதுமான எண்ணிக்கையில் உள்ளன, திட்டத்தால் பாதிப்பு இல்லை.’

நேரே அவர் அறைக்குப் போனேன்.

“ஏம்மா சுகப்பிரியா, கவலை குறைஞ்சதுன்னு அவங்களே போட்டிருக்காங்க. நீ எதுக்கும்மா கவலப்படுதே?”

“எண்ணிக்கை போதும்னு அவங்க போடல சார். எண்ணவே இல்லைன்னுதான் போட்டிருக்காங்க. நீங்க எந்த எண்ணிக்கையைச் சொல்றீங்க?”

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இங்க பாரு. அந்தப் பத்தி இருந்தா கம்பெனிக்காரன் அறிக்கையத் திருப்பி அனுப்புவான். நம்ம ஆபீஸ்ல எத்தன பேரு இத நம்பி இருக்காவ? நல்லா எழுதியிருக்கே, ஒத்துக்கிடுதேன். இது அதுக்கு எடம் இல்ல.”

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. நம்மூர்க்காரர். நல்ல மனுஷர் வேறு. அதுதான் கஷ்டம்.

30 ஜூன்

நான் சொல்வது சரி. இன்று காலையும் சரியாகத்தான் இருக்கிறது.

3 ஜூலை

லூர்தம்மாள் என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். மேய்ச்சல் நிலம் போகிறதே! வருகிற கருத்துக்கேட்புக் கூட்டத்தில் முள்காட்டை விட்டுவைக்கச் சொல்லிப் பேசுவீர்களா என்று கேட்டேன்.

“நான் இன்னாத்துக்குப் பேசணும்? கம்பெனி வரட்டும். எம்பொண்ணு படிச்சிட்டு இந்த ஆட்டு வால புடிச்சிகினு இருக்கணுமா? நீ பேண்ட் போட்டுகினு வந்து குருவி பாத்துட்டு பஸ் ஏறிப் பூடுவ. நான் இங்கதான கீறேன்?”

சுள்ளென்று இருந்தது. பஸ்ஸில் வரும்போது மனசுக்குள்ளேயே சண்டை போட்டுக்கிட்டே வந்தேன் — நான் என்ன கம்பெனி வேணாம்னா சொன்னேன்? சொல்லவே இல்லையே. சொல்லவே... ஆனா அந்த அம்மா காதுல அப்படித்தான விழுந்திருக்கு. என் அறிக்கையிலும் அப்படித்தானே இருக்கிறது? வழிக்காதே என்றுதான் எழுதியிருக்கிறேன். வேறு என்ன செய்யலாம் என்று ஒரு வரி எழுதினேனா?

இல்லை.

6 ஜூலை

கம்பெனியின் திட்டப் பொறியாளர் யாக்கோபுவைக் கெஞ்சி நிலத்துக்கு வரவைத்தேன். மணிமங்கலத்துக்காரர். முள்காடு இருக்கும் மூலை லாரி நிறுத்துமிடம் என்று வரைபடம் சொல்கிறது. தெற்கே பழைய செங்கல் சூளை இருந்த மேட்டுப்பகுதி சும்மா கிடக்கிறது. இரண்டையும் மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். குயில், தவிட்டுக்குருவி, முட்டை, கூடு எல்லாம் சொன்னேன். செல்போனைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்தபோது அவர் கால் சேற்றில் இறங்கியது. ஜூலையில் சேறு! நின்றார். புதரை விலக்கி அந்தப்பக்கம் பார்த்தார்.

“மேடம், இது ஏரிக்கு வர்ற கால்வாய். சர்வேல காட்டவே இல்ல. இங்க லாரி நிறுத்தினா மழைல வண்டி மெதக்கும். எங்க ஊரு ஏரிய பாத்து வளந்தவன், எனக்குத் தெரியாதா?”

உடனே யாருக்கோ போன் போட்டார். குயில் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பரவாயில்லை. தண்ணீர் காப்பாற்றினால் என்ன, குயில் காப்பாற்றினால் என்ன? புதர் நிற்கும்.

12 ஜூலை

வரைபடம் மாறிவிட்டது! லாரிகள் தெற்கே போகின்றன. யாக்கோபுவே போனில் சொன்னார். ஆபீஸில் எல்லாருக்கும் காராச்சேவு வாங்கிக் கொடுத்தேன்.

நெல்லையப்பன் சார் ஒரு பிடி எடுத்துக்கொண்டு, “அதான் நீ கேட்டது கெடச்சிட்டுல்லா? இனி அந்த வரிய விடு” என்றார்.

விடமுடியவில்லை. புதர் ஒரு கேள்வி, வரி இன்னொரு கேள்வி. அது என் பெயருக்கு மேலே இருக்கிற வரி. நாளை வேறு ஓர் ஊரின் அறிக்கையில் இதையே எடுத்து ஒட்டுவார்கள். அங்கே கால்வாய் இருக்காது.

19 ஜூலை

கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஊரே வந்திருந்தது. முன்வரிசையில் லூர்தம்மாள், பக்கத்தில் லீலா, மடியில் சான்றிதழ் பை.

அதிகாரி அறிக்கைச் சுருக்கத்தைத் தமிழில் வாசித்தார். அந்த வரி வந்தது. “பறவைகளைப் பார்த்தவர் வந்திருக்கிறாரா?” என்று கேட்டார். நெல்லையப்பன் சார் சிரித்த முகத்தோடு மைக்கை என் பக்கம் தள்ளினார். நான் ஆமாம் சார் என்று சொல்லி உட்காருவேன் என்று நினைத்தார்.

எழுந்தேன். மைக்கை வாங்கிக்கொண்டேன். “அந்த வரி தவறு. போதுமான எண்ணிக்கை என்று யாரும் சொல்லவில்லை. இந்தக் குயில்கள் உலகத்தில் எத்தனை இருக்கின்றன என்று எவருக்கும் தெரியாது. இந்த ஏரியில் எத்தனை என்றும் தெரியாது” என்றேன்.

லூர்தம்மாள்தான் முதலில் எழுந்தார். “அப்ப கம்பெனி வராதா?”

“வரும்மா. லாரி நிக்கிற எடம் மட்டும்தான் மாறுது. குயில் எவ்ளோன்னு தெரியாதுன்னுதான் சொல்றேன்.”

“தெரியாததுக்கு எதுக்கு இம்மாம் பேச்சு? எண்ணிட்டு வந்து சொல்லேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதிகாரி மட்டும் சிரிக்காமல் எதையோ எழுதிக்கொண்டார். நெல்லையப்பன் சார் என்னைப் பார்க்கவே இல்லை.

20 ஜூலை

வேலை போய்விட்டது. “நீ சொன்னது தப்பு இல்லம்மா. சொன்ன எடம் தப்பு” என்றார். வேறு எங்கே சொல்வது? அவரிடம்தானே முதலில் சொன்னேன்!

5 ஆகஸ்ட்

அம்மா போன். “ஏட்டி, குயில எண்ணுததுக்கா எம்எஸ்ஸி படிச்சே? ஊருக்கு வா. நல்ல எடம் வந்திருக்கு.” வரமாட்டேன் என்றேன். அழுதாள். வைத்துவிட்டு நானும் கொஞ்சம் அழுதேன். ஏன் அழுறேன்? பயந்துட்டேனா? ம்ஹூம். பசி. காலையிலிருந்து சாப்பிடலை.

தோசை தின்றதும் சரியாகிவிட்டது. நாளை முதல் இங்கேயே ஒரு பள்ளியில் உயிரியல் வகுப்பு எடுக்கப் போகிறேன்.

14 டிசம்பர்

பள்ளி வாசலில் நெல்லையப்பன் சார். மழையில் குடையோடு நின்றிருந்தார். எதிர் கடையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். தொழிற்சாலைக்கு அனுமதி வந்துவிட்டது, ஒரு நிபந்தனையோடு: எண்ணிக்கை தெரியாததால், கட்டுமானம் தொடங்கியதிலிருந்து மூன்று பருவங்களுக்கு ஏரிக்கரையின் குயிலினங்களையும் தவிட்டுக்குருவிகளையும் எண்ணிச் சொல்ல வேண்டும்.

“அந்த லூர்தம்மா சொன்னத அப்படியே போட்டுட்டான்” என்றார். முகத்தில் பாதி எரிச்சல், பாதி சிரிப்பு. “எனக்குக் காக்காவுக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாது. நீதான் வரணும்.”

“நான் எழுதுற வரியை என்னைக் கேட்காம மாத்தக் கூடாது.”

“மாத்தல.”

“எழுதிக் குடுங்க சார்.”

டீக்கடைக்காரரிடம் பேனா கேட்டு வாங்கி, அந்தக் காகிதத்தின் பின்பக்கமே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

21 ஆகஸ்ட் 2013

கான்கிரீட் கலவை இயந்திரங்களின் சத்தம் விடிந்ததிலிருந்து. இந்தப் பருவம் முழுக்க ஒரு சுடலைக்குயில்கூட இல்லை. பூஜ்யம் என்று எழுதினேன். பூஜ்யமும் ஓர் எண்தான். கணக்கிடப்படவில்லை என்பதைவிட மேல்.

22 ஆகஸ்ட்

நேற்று எழுதியது சமாதானம். இன்று விடியுமுன்பே போய் அந்தக் கருவேல மரத்தின் நுனியைத்தான் முதலில் பார்த்தேன்.

7 செப்டம்பர் 2014

இருக்கு! இருக்கு!

சூரைப்புதருக்குள் ஒரே கூச்சல். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் குதித்துக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு குஞ்சு — பாதிக் கொண்டையோடு, வளர்ப்புத் தாயின் வாலைவிட நீண்ட வாலோடு — வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. தாய் அதன் வாய்க்குள் தலையையே நுழைத்துப் புழுவை ஊட்டியது. சுடலைக்குயில் குஞ்சு. இங்கே பிறந்தது.

யாக்கோபுவுக்குப் போன் போட்டேன். “மேடம், மெஷின் லைன்ல பிரச்சினை, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டார். லீலாவுக்குப் போட்டேன். அவள் இப்போது அதே தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறாள். காலை ஷிஃப்ட் முடிந்து நேரே வந்தாள், சீருடையோடு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அக்கா, அந்தத் தாய்க்குருவிக்குத் தெரியவே தெரியாதா, தன் புள்ள இல்லன்னு?” என்றாள். தெரியாது என்றேன். “பாவம்” என்றாள். பிறகு, “யாருன்னே தெரியாம இவ்ளோ போட்டு வளக்குதே!” என்று ஆச்சரியப்பட்டாள்.

10 அக்டோபர் 2015

மூன்று பருவ அறிக்கை இன்று போய்ச் சேர்ந்தது. குயில்கள் கேண்டீன் பக்கம் முதல் பருவத்தைவிட இரு மடங்குக்கு மேல். அக்காக்குயில் போய்விட்டது, திரும்பவில்லை. அதையும் அப்படியே எழுதினேன். சுடலைக்குயில், குரல் கொடுத்த ஆண்கள் இரண்டு. செம்போத்தும் பச்சைவாயனும் பழையபடி. உலகத்துப் பட்டியலில் இன்றும் கணக்கிடப்படவில்லை என்றே இருக்கிறது. ஓர் ஏரியின் கணக்கு முடிந்தது. அடுத்து குன்றத்தூர் பக்கம் இரண்டு ஏரிகள் கேட்டிருக்கிறார்கள்.

நெல்லையப்பன் சார் முழுதும் படித்தார். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை. ஒரே ஒரு எழுத்துப்பிழையைக் காட்டி, “மாத்தலாமா?” என்று கேட்டார்.

சாயங்காலம் ஆபீஸ் வாசலில் பெயர்ப்பலகை எழுதுகிறவர் ஏணியில் நின்றிருந்தார். “சார், மேடம் பேரு உங்க பேருக்குக் கீழ தானே?” என்று கேட்டார்.

“பக்கத்துல எழுது. அதே சைஸ்ல” என்று சொல்லிவிட்டு, சார் உள்ளே போய்விட்டார்.

பெயிண்ட் காயும்வரை நான் வாசலிலேயே நின்றேன்.